அனல் வரும்போது காரை ஓரம் கட்டுகிறேன்

அன்பு மகனுக்கு,

நீ இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்குமோ தெரியாது, எங்கே நின்றாலும் உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே அம்மா எழுதுகிறேன். அப்பா நலம், முட்டி வலி மட்டும் படி ஏறும்போது தலைகாட்டுகிறது, ஊரில் உள்ள லிப்ட்டையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிற மனுஷர் சொந்த வீட்டுக்கு மூன்று மாடி மூச்சிரைக்க நடந்து ஏறுகிறாரே என்று நான் சிரித்தால் அவருக்குக் கோபம் வருகிறது. பெரியம்மாவும் நலம், அவளைப் பற்றிப் பின்னால் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. நானும் நலம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் அது உண்மையா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை, அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் நீ நடுவில் குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், இரண்டும் வேண்டாம். பாதியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எஞ்சின் அறைக்கு ஓடாதே, கடைசிவரைக்கும் படித்துவிட்டு எழுந்திரு.

போன தடவை நீ வீடியோவில் கூப்பிட்டபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புது கேப்டனைப் பற்றி நீ வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் நடுவிலே போனை அப்பா கையில் திணித்துவிட்டு எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். அது உனக்கு அப்பாவின் தோளுக்குப் பின்னால் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு என்னாச்சு, ரெண்டு பேரும் சண்டையா, எதையோ மறைக்கிறீங்க என்று நீ கேட்டாயாம், ஒண்ணுமில்லப்பா, வெக்கை என்று அப்பா சொன்னாராம். வெளியே கொட்டு கொட்டென்று மழை கொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு பொய்யைச் சொல்ல உன் அப்பாவால்தான் முடியும். அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை கூப்பிட்டும் நான் குளிக்கிறேன், தூங்குகிறேன் என்று அவரையே சொல்ல வைத்தேன். நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு நீ என்னென்ன கற்பனை பண்ணியிருப்பாயோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் அவனுக்கு எதுக்கு எழுதுறே, ஆம்பளப் பிள்ளை, சங்கடப்படுவான் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவன் குடியிருந்துவிட்டுப் போன இடத்தைப் பற்றித்தானே எழுதப் போறேன், அவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும் என்று கேட்டேன், தன் டூல் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது நின்றதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன், ஆனால் அது போகிற போக்கில் வேறு ஒன்றைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. சும்மா உட்கார்ந்திருப்பேன், நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி ஒரு சூடு கிளம்பும், கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும், காது மடல் இரண்டும் சுடும், தலைமுடிக்குள்ளிருந்து வேர்வை வழியும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வந்த மாதிரியே போய்விடும், போன பிறகு நனைந்த துணியோடு குளிரில் நடுங்குவேன். நானும் அப்பாவும் அதற்கு அனல் என்று பேர் வைத்துக்கொண்டோம். அனல் வந்துடுச்சா என்று கேட்டு ஜன்னலைத் திறப்பார், போயிடுச்சா என்று கேட்டு மூடுவார், பாவம் மனுஷர் ராத்திரியில் காது வரைக்கும் குல்லாய் போட்டுக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பார், நான் பக்கத்தில் ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பேன். தூக்கமில்லாமல் காலையில் எழுந்தால் யாரைப் பார்த்தாலும் எரிச்சல், வாயைத் திறந்தால் சண்டை. உன் எஞ்சின் அறைச் சூட்டைப் பற்றி நீ சொல்வாயே, அதில் உனக்கு வெளியே வர ஒரு கதவு இருக்கிறது, எனக்கு அந்த எஞ்சினே உடம்புக்குள் இருந்தால் எந்தக் கதவைத் திறப்பது சொல்லு.

வீட்டில் என்றால் எப்படியோ சமாளிக்கலாம், என் வேலை உனக்குத் தெரியுமே. கண்ணாடி ஏற்றிய சின்னக் காருக்குள், வண்டி ஓட்டத் தெரியாத ஒருவர் பக்கத்தில், என் காலடியில் ஒரு பிரேக், அவர் பதறினால் நான் பதறாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நடுரோட்டில் அனல் வந்தால் என்ன பண்ணுவது. பூக்கடைக்காரம்மா ஒருத்தி என்னிடம் ஓட்டப் படித்தாள், ரிவர்ஸ் எடுக்கும்போது நான் முகம் சிவந்து வேர்த்து ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன் என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டரம்மாவிடம் போனேன். இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்கிற ஹார்மோன் பட்டை ஒன்றும், ராத்திரி போட்டுக்கொள்ள இன்னொரு ஹார்மோன் மாத்திரையும் கொடுத்தார்கள். பட்டை அனலை அடக்கும், ஆனா கர்ப்பப்பையோட உள்சுவரைத் தடிக்க வைக்கும், அது தடிக்காம மாத்திரை பார்த்துக்கும், ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் போடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டபோது பெரியம்மாவின் மார்புக் கட்டியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். மார்பைப் படம் எடுத்துப் பார்த்து, ரத்தம் பார்த்து, யோசித்து, அக்காவுக்கு வந்ததை மட்டும் வெச்சு உங்களுக்கு இது வேண்டாம்னு சொல்ல முடியாது, ஆபத்து துளிகூட இல்லைன்னும் சொல்ல மாட்டேன், குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு விடாமப் பார்த்துக்கிட்டே இருப்போம், தீர்மானம் உங்களுது என்று சொன்னார்கள். நான் சரி என்றேன். சில வாரத்திலேயே அனல் அடங்கியது. ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது படுத்த இடத்தில் படுத்தபடியே விடிந்திருந்தது, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை, அப்பா குல்லாயைக் கழற்றிவிட்டுத் தூங்கியிருந்தார்.

இதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது பட்டை ஈரத்தில் கழன்று துவாலையில் ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டி இது என்னடி என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அவளோ சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பட்டதையெல்லாம் பக்கத்துல இருந்து பார்த்தவதானே நீ, எனக்கு முடி கொட்டினப்போ வாரி எடுத்தவ நீதானே, தெரிஞ்சே போய் இதை ஒட்டிக்கிட்டு வந்திருக்கியே, வேர்க்கிறதுக்குப் பயந்து உசிரை விடுவியா என்று கேட்டாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அவள் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பாவும் அதே பாட்டு, அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கே என்று இழுத்தார். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன். அவள் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு படுத்திருந்தது கண் முன்னால் வந்து நின்றது. யாரையும் கேட்காமல், டாக்டரிடமும் சொல்லாமல், பட்டையை உரித்துப் போட்டுவிட்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்.

போன அனல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது மாதிரி வந்தது. பகலில் அடுக்கடுக்காக, ராத்திரியில் கேட்கவே வேண்டாம். அப்போது என்னிடம் ஒரு தையல்கடைக்காரர் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தார், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார், அதனால் எங்கள் டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் எல்லோரும் அவரை மூடுகண் என்றுதான் சொல்வோம். ரவுண்டானாவைச் சுற்றி வரும்போது எனக்கு அனல் ஏறியது, வேர்வை புருவத்திலிருந்து கண்ணுக்குள் வழிந்து எரிய, இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்தேன். அந்த ஒரு கணத்தில் முன்னால் ஒரு வேன் நின்றிருக்கிறது. மூடுகண் வழக்கம்போல மூடிக்கொண்டார், நானும் கண்ணை மூடியிருந்தேன், ஓடுகிற வண்டியில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்று இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது. என் கால் எப்படியோ பிரேக்கில் ஏறிவிட்டது, வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. வேனின் பின்பக்கக் கதவைத் திறந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்த பெண் அப்படியே திரும்பி எங்களைப் பார்த்தாள், அவள் முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மூடுகண் மெதுவாகக் கண்ணைத் திறந்து, டீச்சர், நான்தானே பிரேக் போட்டேன் என்று கேட்டார். ஆமாம், நீங்கதான், நல்லாப் போட்டீங்க என்று சொல்லி இறங்கி, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசில் நானே போய் நடந்ததைச் சொன்னேன். முதலாளி நல்லவர், வேலையை விட்டு எடுக்கவில்லை, உடம்பு சரியாகிற வரைக்கும் வண்டியில் ஏறாமல் சாலை விதிகளுக்கு வகுப்பு மட்டும் எடுங்க என்று உட்கார வைத்துவிட்டார். இத்தனை வருஷமாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் பலகையில் அம்புக்குறி வரைந்துகொண்டிருக்கிறேன்.

திரும்பவும் டாக்டரம்மாவிடம்தான் போனேன். திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன், திட்டவில்லை, பயம் வந்தா என்கிட்ட வந்து பயப்படுங்க, வீட்டுல தனியாப் பயந்து நிறுத்தாதீங்க என்று மட்டும் சொன்னார்கள். மறுபடி பட்டையும் மாத்திரையும் ஆரம்பித்தோம். பட்டை ஒட்டினாலும் அனல் அடியோடு போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது, நாமும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் என்று நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். குளித்த உடனே ஒட்டக் கூடாது, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெயோ பவுடரோ இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் உள்ளங்கையால் அழுத்தி ஒட்ட வேண்டும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டக் கூடாது. நான் இத்தனை நாளும் இடுப்புத் துணி உரசுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறேன், பாதி மருந்து துணிக்குத்தான் போயிருக்கும். சூடான காபி எனக்கு அனலைக் கூப்பிட்டு விடுகிறது என்று கண்டுபிடித்து அதைக் குறைத்தேன், மெல்லிசுச் சட்டையின் மேல் இன்னொன்று, அனல் வந்தால் மேலே உள்ளதைக் கழற்றிவிடலாம், கையில் எப்போதும் குளிர்ந்த தண்ணீர், அது ஏறும்போது பல்லைக் கடிக்காமல் மெதுவாக மூச்சை இழுத்து விடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியில் போகும்போது வருகிற மாதிரி இருந்தால் அடுத்த நொடியே ஓரம் கட்டிவிட வேண்டும், வெட்கப்படக் கூடாது. அனல் பாதிக்கு மேல் குறைந்தது, தூக்கமும் வந்தது, முதலாளியிடம் போய் வண்டிச் சாவியைக் கேட்கலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் துணியில் ரத்தம் பார்த்தேன். நின்று போனது திரும்பி வரக் கூடாது என்று அந்த டாக்டரம்மா முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். குளியலறைக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு, அக்கா சொன்னது பலித்துவிட்டதா என்று ஒன்று மட்டும்தான் தலைக்குள் சுற்றியது. அன்றைக்கே போனேன். ஆரம்பிச்ச புதுசுல இப்படி வர்றது உண்டு, முக்கால்வாசி ஒண்ணும் இருக்காது, ஆனா பார்க்காம நான் விட மாட்டேன் என்றார்கள். ஸ்கேனில் உள்சுவர் தடித்திருக்கிறது, ஒரு இடத்தில் ஏதோ தெரிகிறது என்றார்கள். அந்த ஏதோ என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன். உள்ளேயிருந்து சதை கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப நாள் குறித்தார்கள், முடிவு வருகிற வரைக்கும் பட்டையையும் மாத்திரையையும் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு அப்பாதான் கூட வருவதாக இருந்தது. கிளம்புகிற நேரத்தில் எங்கோ ஒரு கட்டடத்தில் லிப்டுக்குள் கர்ப்பிணிப் பெண் மாட்டிக்கொண்டாள் என்று போன் வந்தது, அவர் என் முகத்தைப் பார்த்தார், போங்க, அவளுக்கு உங்களை விட்டா யாரு என்று நானே அனுப்பிவிட்டேன். தனியாகப் போய் உட்கார்ந்திருந்தேன், யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள், பார்த்தால் உன் பெரியம்மா. அப்பா போகிற வழியில் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அவளைப் பார்த்ததும் எனக்குத் திட்டு வாங்கப் போகிறோம் என்றுதான் தோன்றியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எனக்கு அனல் ஏறியது, நான் சட்டைக் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டு மூச்சு வாங்கினேன், அவள் தன் பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து எனக்கு விசிறிக்கொண்டே, மெதுவா, ரொம்ப மெதுவா, எனக்கும் இருக்குடி என்றாள். என்ன இருக்கு என்று கேட்டேன். இதேதான், அந்த மருந்தெல்லாம் ஏத்தினாங்களே அப்போ ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டேனே அப்பவும், இப்பவும் விடல, ராத்திரி எந்திரிச்சு ஈரத் துணியை மாத்திக்கிட்டுப் படுக்காத நாளே இல்லை என்றாள். ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல என்று கேட்டேன். யார்கிட்டச் சொல்ல, பார்க்கிறவங்க எல்லாம் உசிரு பொழைச்சியே அதுவே பெருசுன்னு சொல்றாங்க, அவங்ககிட்டப் போய் எனக்கு வேர்க்குதுன்னு எப்படிச் சொல்ல, வெக்கமா இருந்துச்சு, எனக்கு இந்தப் பட்டையெல்லாம் ஆகாது, உனக்கு ஆகுதுன்னதும் பயம் பாதி, பொறாமை பாதி, அதான் அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன் என்றாள். உள்ளே என் பேரைக் கூப்பிட்டார்கள். என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஃபேனைப் போடு, ஃபேனைப் போடு என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதானே வருவாய், பெரியம்மாவுக்கு எப்பவும் ஃபேன்தான் என்று நாம் எல்லோரும் கேலி பண்ணினோம்.

சோதனை எடுத்தது வலித்தது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. முடிவு வர நாளாகும் என்றார்கள். இதை எழுதுகிற இப்போதும் எனக்கு அது தெரியாது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில், வகுப்பறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மருந்தை நிறுத்தியதால் அனல் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது, மேலே இந்தப் பக்கத்தில் மை கலங்கியிருந்தால் அழுதேன் என்று நினைக்காதே, வேர்வைதான். ஆபீஸ் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிப் போடுகிறது. அப்பா என்னை எதற்கும் வைவதில்லை, அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது, நேற்று நான் டம்ளரை உடைத்ததற்கு நல்லதாப் போச்சு, அது பழசுதானே என்றார். நீ இதைப் படித்துவிட்டு லீவு போட்டு ஓடி வருவாய் என்று பயம், வராமல் இருந்துவிடுவாயோ என்று இன்னொரு பயம், இரண்டும் சேர்ந்து வருகிறது பார். மணியாகிவிட்டது, பிள்ளைகள் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், பிறகு எழுதுகிறேன்.

மேலே விட்ட இடத்துக்கும் இதற்கும் நடுவில் சில நாள் ஓடிவிட்டது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் உன்னைக் கொன்றிருப்பேன், நல்லவேளை அனுப்பவில்லை. டாக்டரம்மாவே கூப்பிட்டார்கள், கெட்டது எதுவும் இல்லை, சின்னதா ஒரு சதை வளர்ச்சி, அதை எடுத்துட்டா சரியாப் போயிடும் என்றார்கள். நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னார்கள். அப்பா போனை வாங்கி நான்காவது தடவை கேட்டார். கேட்டுவிட்டு, சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டே போய்ச் சமையலறை விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன பண்ணுகிறோம் என்றே தெரியவில்லை. அந்தச் சதையை எடுக்கக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்துவிடலாமாம், நாள் வாங்கியிருக்கிறோம். அது வரைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருக்கும், நல்ல சேதி வந்த பிறகும் பயம் உடனே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. எல்லாம் ஆறிய பிறகு மறுபடி பட்டை போடலாமா என்று கேட்டேன், பார்த்துட்டு, அளவை மாத்தி, மாத்திரையை ஒழுங்காச் சேர்த்துப் போடலாம் என்றார்கள். போடுவதாகத்தான் இருக்கிறேன். பயந்துகொண்டேதான் போடுவேன், ஆனால் இந்தத் தடவை பயம் வந்தால் அவர்களிடம் போய்ச் சொல்லுவேன்.

பெரியம்மாவிடம் போய் முடிவைச் சொன்னேன். நல்லது என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள், பட்டையைப் பற்றி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உன் உடம்பு, உனக்குத் தெரியும் என்றாள். நான் கிளம்பிச் செருப்பு போடும்போது பின்னாலிருந்து, அந்த டாக்டரம்மா என்னை மாதிரி ஆளுங்களையும் பார்ப்பாங்களா என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்கிற மனுஷியா என்ன, வாழ்நாளில் தனக்காக ஒரு டீ கூடக் கேட்டு வாங்கிக் குடிக்காதவள். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவள் பழைய சிகிச்சை விவரத்தையெல்லாம் நிதானமாகக் கேட்டுவிட்டு, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க, எத்தனை வருஷமா நல்ல தூக்கம் இல்லை என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். மார்பை எடுத்தபோது அழாதவள், முடி கொட்டியபோது கண்ணாடி பார்த்துச் சிரித்தவள், அந்தக் கேள்விக்கு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உங்களுக்கு ஹார்மோன் கொடுக்க முடியாது, ஆனா ஹார்மோன் இல்லாத மருந்து இருக்கு, உங்க கேன்சர் டாக்டர்கிட்டப் பேசிட்டு ஆரம்பிக்கலாம், இதை யாரும் உங்ககிட்டச் சொல்லலையா என்றார்கள். யாரும் கேட்கலை டாக்டர் என்றாள். பேசி முடித்து மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், இரண்டு வாரமாவது போனால்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆகுமா ஆகாதா என்று அந்தக் கவலையும் இப்போது என் தலையில்.

நீ லீவு போட வேண்டாம், ஒப்பந்தம் முடிந்து வருகிறபோது வா, அதற்குள் நான் வண்டியில் ஏறியிருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த எஞ்சின் அறையில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்காதே, காதில் அடைப்பு வைத்துக்கொள்ள மறக்காதே, உடம்புக்கு ஏதாவது என்றால் அம்மா பயப்படுவாள் என்று மூடி வைக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல், மனசுக்குப் பிடித்த வாழ்க்கை அமைந்து, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய். அடுத்த முறை கரைக்கு வந்ததும் முதலில் எனக்குக் கூப்பிடாதே, பெரியம்மாவுக்குக் கூப்பிடு. எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, நல்லாத்தான் இருக்கேன்பா என்று சொல்லிவிடுவாள். ராத்திரி தூங்கினீங்களா பெரியம்மா என்று கேள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா